இரண்டு எழுத்தில் ஒரு பொய்



மாற்றியமைத்த பழைய மகிழுந்தை விற்பவர், அது மாற்றியமைத்தது என்பதை முதல் வரியிலேயே எழுத வேண்டும். எதை நீக்கினார், எதைச் சேர்த்தார், எதைத் தொடாமல் விட்டார் என்னும் மூன்றையும் எழுத வேண்டும். நான் இங்கே சொல்ல வருவது இவ்வளவுதான். இத்தனை எளிய செய்திக்கு ஒரு பதிவா என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கக்கூடும். அமெரிக்காவில் பழைய மஸல் கார்களை விற்போர் எழுதும் விளம்பரங்களை ஒரு மாதமாகப் படித்து வருகிறேன். படித்த பிறகு, ஒரு பதிவு போதாது என்றே தோன்றுகிறது!

வலிமிகும் இடங்களையும் மிகா இடங்களையும் பற்றி எழுதிவந்த இந்தப் பக்கத்தில் மகிழுந்து எப்படி நுழைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் தமக்கை மகன் ஒகாயோ மாநிலத்தில் பொறியாளனாக வேலை பார்க்கிறான். 1969ஆம் ஆண்டில் வெளிவந்த செவ்ரலே செவெல் மாலிபு ஒன்றை வாங்கி, ஆறு ஆண்டுகள் வார இறுதிகளைச் செலவிட்டு, தன் விருப்பப்படி மாற்றியமைத்தான். இப்போது வீடு வாங்குவதற்காக அதை விற்கப் போகிறான். விளம்பரத்தை எழுதிவிட்டு எனக்கு அனுப்பினான். "மாமா, ‘செவெல் எஸ்.எஸ்.’ என்று மட்டும் போடு, மற்றதை வாங்குகிறவன் பார்த்துக்கொள்வான் என்று இங்குள்ள நண்பர்கள் சொல்கிறார்கள். பிழையில்லாமல் எழுதியிருக்கிறேனா என்று பாருங்கள்" என்று கேட்டிருந்தான். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. பிழை அந்த இரண்டு எழுத்தில் இருந்தது.

விவரம் அறியாதவர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். 1960களின் நடுவில் அமெரிக்க நிறுவனங்கள், நடுத்தர அளவும் அடக்கமான விலையும் கொண்ட இரண்டு கதவு மகிழுந்துக்குள் பெரிய எட்டு உருளை இயந்திரத்தைப் பொருத்தி இளைஞர்களுக்கு விற்றன. அவையே மஸல் கார்கள். காப்புறுதிக் கட்டண உயர்வு, 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம், 1973இன் எண்ணெய் நெருக்கடி என ஒன்றன்பின் ஒன்றாக வந்த அடிகளில் அந்தக் காலம் முடிந்தது. நம் பிள்ளைகள் திரைப்படங்களில் பார்த்து வியக்கும் கறுப்பு டாட்ஜ் சார்ஜரும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

செவெல் வரிசையில் ‘எஸ்.எஸ்.’ என்பது உயர்ந்த வகை. 1969இல் அது தனி மாதிரியாகக் கூட இல்லை. வாங்குபவர் கூடுதல் பணம் கட்டிப் பெறும் ஒரு தொகுப்பு. 396 கன அங்குல இயந்திரம், முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், வலுவான பின் அச்சு ஆகியன அதில் அடங்கும். என் மருமகனின் வண்டி அப்படிப் பிறந்ததன்று. 307 கன அங்குல இயந்திரமும் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கும் கொண்டு வெளிவந்த எளிய மாலிபு அது. எஸ்.எஸ். சின்னங்களைக் கடையில் வாங்கி, முகப்பிலும் பக்கங்களிலும் பின்புறத்திலும் அவன்தான் ஒட்டினான். ஒட்டியதில் எனக்கு வருத்தமில்லை. அழகுக்காக ஒட்டிக்கொள்ளட்டும். அதை எழுத்தில் எழுதி விலை கேட்பதுதான் வேறு செயல்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பொய்க்கு இடம் கொடுப்பதும் அதுதான். 1968 வரை, எஸ்.எஸ். வகைச் செவெலின் அடையாள எண் 138 என்று தொடங்கும். மாலிபுவின் எண் 136 என்று தொடங்கும். எண்ணைப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். 1969இல் எஸ்.எஸ். ஒரு தொகுப்பாக மாறியவுடன் அந்த வேறுபாடு மறைந்துபோயிற்று. எட்டு உருளை கொண்ட மாலிபு கூப்பேக்கும் 13637, அதன்மேல் எஸ்.எஸ். தொகுப்பு வாங்கிய வண்டிக்கும் அதே 13637. ஆகவே 1969இன் மாலிபுவுக்குச் சின்னம் ஒட்டினால், எண் அதைக் காட்டிக்கொடுக்காது. போண்டியாக் ஜி.டி.ஓ.வின் கதையும் இதுவே. 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அது லெமான்ஸ் வண்டியின் கூடுதல் தொகுப்பாக இருந்தமையால், அந்த ஆண்டுகளின் அடையாள எண் எதையும் சொல்லாது. போண்டியாக்கிற்கு ஆலைப் பதிவேடுகள் இன்றும் கிடைக்கின்றன. ஃபோர்டு வண்டிகளுக்கு 1967 முதலான தரவுகளைக் கெவின் மார்ட்டி என்பவர் உரிமத்துடன் வைத்திருக்கிறார். செவ்ரலேக்கோ, கனடாவில் விற்கப்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே அத்தகைய பதிவு உண்டு. அமெரிக்காவில் விற்ற செவெலுக்கு, பழைய உரிமையாளர் பத்திரப்படுத்திய தாள் ஏதேனும் இருந்தால்தான் உண்டு.

அடையாள எண் தகட்டை அழிப்பதும் மாற்றுவதும் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். இரண்டு எழுத்துச் சின்னத்துக்கு அப்படிக் காவல் எதுவுமில்லை. தபாலில் வாங்கி ஒட்டலாம். தகடு பேசாத இடத்தில் விற்பவரின் சொல் ஒன்றே சான்று. அந்தச் சொல்லையும் இவர்கள் என்ன பாடு படுத்துகிறார்கள் என்பதைத்தான் தமிழாசிரியனாக என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

‘எண்கள் பொருந்துகின்றன’ என்பது இவ்விளம்பரங்களில் அடிக்கடி வரும் தொடர். பொருந்துதல் என்னும் வினை மூன்றாம் வேற்றுமையை வேண்டி நிற்கும். எதனோடு பொருந்துகிறது? ஆறாம் ஆண்டு மாணவன் இப்படி எழுதினால், "எதனோடு?" என்று சிவப்பு மையில் கேட்டிருப்பேன். மகிழுந்தின் அடையாள எண்ணோடு இயந்திரத்தில் பொறித்த எண் பொருந்தினால் அது ஒரு பொருள். அதே இயந்திரம் அதே வண்டியில் பிறந்தது என்று கொள்ளலாம். வார்ப்பு எண்ணும் தேதியும் அந்த ஆண்டுக்கு ஏற்றவையாக இருக்கின்றன என்றால் அது முற்றிலும் வேறு பொருள். அந்த இயந்திரம் எந்த வண்டியிலிருந்தும் வந்திருக்கலாம். வேற்றுமை உருபை விழுங்கிவிட்டால் இரண்டாவது முதலாவதாக விலைபோகும்.

இதைவிடக் கொடியதும் உண்டு. செவ்ரலேயின் எட்டு உருளை இயந்திரத்தில், வலப்புற உருளைத் தலைப்பகுதிக்கு முன்னால் ஒரு சிறு தட்டையான பரப்பில் எண்ணைப் பொறிப்பார்கள். அந்தப் பரப்பைத் தேய்த்து, பழைய எண்ணை அழித்து, வேண்டிய எண்ணைப் புதிதாகப் பொறிக்கிறார்கள். ஆலையின் இயந்திரம் விட்டுச்சென்ற நுண்ணிய கோடுகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்துத்தான் வல்லுநர்கள் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். நம் மரபில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: இடைச்செருகல். ஏட்டில் தன் பாடலை நுழைத்துவிட்டுப் புலவன் பெயரால் உலவவிடுபவனின் வேலை. செருகியவன் போய்விடுவான், அடுத்துப் படியெடுப்பவன் நல்லெண்ணத்தோடு அதையும் சேர்த்தே படியெடுப்பான். மூன்றாவது தலைமுறையில் பொய்யென்று அறியாமலே பொய் சொல்பவர்கள் பெருகிவிடுவார்கள். ஏடு தேடிப் பதிப்பித்த நம் அறிஞர்கள் பாட வேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டினார்களே, அது எதற்காக? மாற்றம் இருப்பது இழுக்கன்று. அதைக் குறிக்காமல் விடுவதே இழுக்கு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு தொடர், ‘முழுமையாக மீட்டமைக்கப்பட்டது’. செயப்பாட்டு வினையில் எழுவாய் ஒளிந்துகொள்ளும் வசதியை இவர்களைப் போல் யாரும் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். யார் மீட்டமைத்தார்? எந்த ஆண்டு? உடற்கூட்டை அடிச்சட்டத்திலிருந்து கழற்றி எடுத்துச் செய்தார்களா, அல்லது துருவின்மேல் பசை பூசிச் சாயம் அடித்தார்களா? விடை இல்லை.

ஓடிய தொலைவைப் பற்றி எழுதுவதும் இப்படியே. அக்காலத்துச் செவெலின் தொலைவுமானியில் மைல்களுக்கு ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999க்குப் பிறகு மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். ‘மானி 56,000 காட்டுகிறது’ என்பது உண்மையான வாக்கியம். ‘56,000 மைல் ஓடியது’ என்பது, தாள்கள் இல்லாவிட்டால், யாரும் எழுதக்கூடாத வாக்கியம். இவ்வளவு பழைய வண்டிகளுக்கு மானி அளவை எழுதி உறுதி கூற வேண்டும் என்னும் கட்டாயமும் கூட்டரசு விதிகளில் இல்லை. காட்டுகிறது, ஓடியது என்னும் இரண்டு வினைமுற்றுகளுக்கு நடுவே பல ஆயிரம் டாலர்!

இனி மறுபக்கத்தாரையும் விடப்போவதில்லை. விற்பவர்கள் ஏன் மறைக்கிறார்கள்? ஆலையிலிருந்து வந்தபடி இருப்பதே புனிதம், கைவைத்ததெல்லாம் கெட்டது என்று ஒரு கூட்டம் ஓதிக்கொண்டே இருப்பதால். ‘நல்ல வண்டியைக் கெடுத்துவிட்டான்’ என்று மருமகனையும் ஒருவர் ஏசியிருக்கிறார். இவர்களுடைய சமயத்தின் மூலமே மாற்றியமைப்பதுதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இயந்திரம் கூடாது என்று விதி வைத்திருந்தது. போண்டியாக்கின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய குழுவினரும் 389 கன அங்குல இயந்திரத்தை லெமான்ஸ் வண்டிக்குள் வைத்துப் பார்த்தார்கள். புதிய மாதிரி என்றால் மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும். கூடுதல் தொகுப்பு என்றால் வேண்டாம். அந்தச் சந்தில் நுழைந்துதான் 1964இல் ஜி.டி.ஓ. வெளிவந்தது, அந்த ஆண்டே 32,450 விற்றது. ஆக, மஸல் காரின் தலைச்சன் பிள்ளையே ஒரு தொகுப்புப் பொருத்திய வண்டிதான்.

பென்சில்வேனியா மாநிலத்தின் கேனன்ஸ்பர்க் ஊரில் டான் யென்கோ என்னும் செவ்ரலே விற்பனையாளர் இருந்தார். 1967இல், ஆலையில் 396 வரையே கிடைத்த கமாரோவில் 427 கன அங்குல இயந்திரத்தைத் தம் பட்டறையில் பொருத்தி விற்றார். இன்று அந்த வண்டிகள், ஆலை அப்படியே அனுப்பிய கமாரோக்களைவிட எத்தனையோ மடங்கு விலைபோகின்றன. யென்கோ மாற்றினால் பொன், ஒகாயோவில் ஓர் இளைஞன் மாற்றினால் குப்பையா? வேறுபாடு கையில் இல்லை, தாளில் இருக்கிறது. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது யென்கோ வண்டிக்கு எழுத்தில் உண்டு.

இன்னும் ஒரு சான்று. 1968இல் வெளிவந்த ‘புல்லிட்’ திரைப்படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய பச்சை நிற மஸ்டாங் அப்படத்துக்காகவே மாற்றியமைக்கப்பட்டது. சக்கரம் மாறியது, தொங்கலமைப்பு மாறியது, படக்கருவி பொருத்தத் துளைகள் இடப்பட்டன. முகப்பின் குதிரைச் சின்னத்தையும் ஜி.டி. எழுத்துகளையும் கழற்றிவிட்டார்கள். 1974இல் ராபர்ட் கீர்னன் என்பவர் அதை 6,000 டாலருக்கு வாங்கினார். அவருடைய மனைவி ஓர் ஆசிரியை. சில காலம் அந்த வண்டியில்தான் பள்ளிக்குப் போய்வந்தார் என்பதை ஆசிரிய நண்பர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். 2020 சனவரியில் புளோரிடாவின் கிஸ்ஸிமீ நகர ஏலத்தில் அது கட்டணங்களுடன் 37 இலட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு விற்பனையானது. தேய்ந்த சாயத்தோடும் துருவோடும்தான் மேடைக்கு வந்தது. அதன் உண்மையை நிறுவ உதவியவற்றுள் அந்த மாற்ற வேலையின் தடங்களும் உண்டு. யாரேனும் அதை ‘அசலாக்கி’யிருந்தால் சான்றையே அழித்திருப்பார்கள். அந்த வண்டிக்கு ஒரு சின்னமும் தேவைப்படவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அதற்காக ஒகாயோ மாலிபு இலட்சங்களுக்குப் போகும் என்று நான் மருமகனை ஏமாற்றவில்லை. அவனுடைய கைவேலைக்கு மெக்வீனின் பெயர் கிடையாது. ‘எஸ்.எஸ்.’ என்பதை எடுத்துவிட்டால் கேட்கும் விலையில் பல ஆயிரம் டாலர் குறையும் என்று அவன் சொன்னான். உண்மைதான். அந்தப் பணம் யாருடையது என்று திருப்பிக் கேட்டேன். இல்லாத ஒரு பொருளுக்காக இன்னொருவன் கொடுக்கப் போகும் பணம் அது. அவனும் வீடு வாங்கச் சேர்த்து வைத்திருப்பவனாக இருக்கலாம்.

திருத்தி எழுதினான். அவனுடைய ஒப்புதலோடு தமிழில் தருகிறேன்: "1969 செவெல் மாலிபு. எஸ்.எஸ். அன்று; சின்னங்கள் நான் ஒட்டியவை. பிறவி இயந்திரமான 307 என்னிடம் இல்லை. இப்போது இருப்பது 6.2 லிட்டர் எல்.எஸ்.3, 430 குதிரைத்திறன், பெட்டியில் புதிதாக வாங்கியது. நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் நான் பொருத்தினேன். பின் அச்சு மாற்றப்பட்டது, பற்றுச்சீட்டு உண்டு. வலப்பக்கப் பின் சக்கரத்தின் மேற்பகுதித் தகடு வேறு வண்டியினுடையது. தரைத்தகட்டில் இரண்டு இடத்தில் ஒட்டுப்போட்டேன், படம் உண்டு. மானி காட்டும் மைல் பொருளற்றது." ஆங்கிலத்திலும் இப்படித்தான், சிறு சிறு வாக்கியமாக, எழுவாயோடு இருக்கிறது. அடைமொழி ஒன்றுகூட இல்லை. படித்தபோது அந்த வண்டியை நானே வாங்கிவிடலாமா என்றிருந்தது. சம்பளம் இடம் கொடுக்கவில்லை!

பிரேக்கைப் பற்றி எழுதச் சொன்னதற்குத் தனிக் காரணம் உண்டு. 307க்கு ஆலை சொன்ன திறன் 200. அதுவும் துணைக்கருவிகளைக் கழற்றிவைத்து அளந்த, தாராளமான அக்காலத்துக் கணக்கு. அந்த வலுவுக்கு ஏற்ப அமைந்த டிரம் பிரேக்கையும் மெலிந்த அச்சையும் அப்படியே விட்டு, இரண்டு மடங்கு வலுவுள்ள இயந்திரத்தை மட்டும் திணித்து, மேலே எஸ்.எஸ். ஒட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். சின்னத்தைப் பார்க்கிறவன், உள்ளே டிஸ்க் பிரேக் இருக்கிறது என்று நம்பி வேகம் எடுப்பான். அந்த இரண்டு எழுத்து அவனுக்குத் தருவது பெருமை மட்டுமில்லை, தவறான ஒரு நம்பிக்கையும்கூட. ஓட்டப் போகிறவர்களில் பலர் நம் மாணவர்களைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்கள்.

‘வாங்குகிறவன் சோதித்துக்கொள்ளட்டும், இருக்கிற நிலையில் விற்கிறேன் என்று எழுதிவிட்டால் போயிற்று’ என்னும் வாதத்தை மருமகனின் நண்பர்கள் கடைசிவரை விடவில்லையாம். திருக்குறளை இவர்களிடம் எடுத்துப்போவதால் பயனில்லை. அவர்களுடைய சட்டத்தையே எடுத்துப்போவோம். அமெரிக்க மாநிலங்கள் ஏறத்தாழ அனைத்தும் ஏற்றுக்கொண்ட ஒருசீர் வணிகச் சட்டத் தொகுப்பின் 2-313ஆம் பிரிவு, புகழ்ச்சியையும் விவரிப்பையும் பிரிக்கிறது. ‘அருமையான வண்டி’ என்றால் அது புகழ்ச்சி. யாரும் வழக்குத் தொடுக்க முடியாது. ‘இது எஸ்.எஸ்.’ என்றால் அது விவரிப்பு. வாங்கியவர் அதை நம்பி வாங்கியிருந்தால் அதுவே உத்தரவாதம் ஆகிவிடும். உத்தரவாதம் என்னும் சொல்லை எழுதியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ‘இருக்கிற நிலையில்’ என்று அடியில் எழுதுவது, மேலே எழுதிய விவரிப்பைச் சாதாரணமாக அழித்துவிடாது. நாம் நான்காம் ஆண்டில் சொல்லிக்கொடுக்கும் பெயரையும் பெயரடையையும் நீதிமன்றம் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறது. பட்டதாரிகள் அதைக் குழப்புகிறார்கள்.

சோதித்துக்கொள்வதாவது! வாங்குகிறவர் இரண்டாயிரம் மைல் தொலைவில், வேறொரு மாநிலத்தில் இருப்பார். அவர் பார்ப்பது இருபது படங்களும் பத்து வரிகளும். சாயத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது ஆறு ஆண்டுகள் அந்த வண்டியின் கீழே படுத்துக் கிடந்தவனுக்குத்தான் தெரியும். பற்றுச்சீட்டுகளையும், வெட்டி ஒட்டியபோது எடுத்த படங்களையும், எதை எப்போது மாற்றினோம் என்ற குறிப்பையும் ஒரே கோப்பில் இட்டு, சாவியோடு சேர்த்து அதையும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கோப்பின் முதல் தாளில் அடையாள எண்ணை எழுதி, அதன் கீழே ‘மாலிபு’ என்று எழுதச் சொன்னேன். அடுத்து வாங்குபவர் தாளைக் கிழித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டான். இன்னொரு படியை எடுத்துப் பின்னிருக்கையின் அடியில் வைத்துத் தைத்துவிடு என்றேன். அக்காலத்து ஆலைத் தொழிலாளர்கள் வண்டியின் கட்டுமானத் தாளை அங்கேதான் விட்டுச் சென்றிருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் சில வண்டிகளில் அது அகப்படுகிறது.